டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளியலறையை இடித்துப் புதிதாக்கி, அதில் ஒரு பாத்டப்பும் வைக்கத் திட்டமிட்டிருக்கும் மேல்வீட்டுக்காரர்களுக்கு,



உங்களுக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம், சங்கக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறோம், பார்க்கிங்கைப் பற்றிச் சேர்ந்தே புலம்புகிறோம். இன்னும் சில நாளில் உங்கள் வீட்டில் வேலை தொடங்கும். லிஃப்டின் உள்பக்கம் அட்டை ஒட்டப்படும், சாக்குச் சாக்காக இடிபாடு இறங்கும், காலையில் எங்கள் தலைக்கு மேல் பிரேக்கர் அதிரும். அந்தச் சத்தத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இருபது வருடம் பழகிய குளியலறையை மாற்ற யாருக்கும் ஆசை வரும். பாத்டப் வைப்பதும் உங்கள் விருப்பம். மூட்டுவலிக்கு வெந்நீரா, பேரப்பிள்ளைகள் விளையாடவா என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

நாங்கள் கேட்பது வேறு. டைல்ஸின் நிறத்துக்காக நீங்கள் மூன்று கடை ஏறி இறங்குவீர்கள். குழாய்க்கு எந்த பிராண்ட், கண்ணாடித் தடுப்பு வேண்டுமா, டப்பின் விளிம்பு வளைவா நேரா என்று வீட்டுக்குள் ஒரு வாரம் பேச்சு ஓடும். இத்தனைக்கும் நடுவில், டைல்ஸுக்கு அடியில் போகிற வாட்டர் ப்ரூஃபிங் பூச்சை மட்டும், யாரும் பார்க்காத ஒரு மதியத்தில் ஒருவர் தனியாக நின்று பூசிவிட்டுப் போவார். அடுத்த பல வருடம் அதன் கீழே குளிக்கப் போகிறவர்கள் நாங்கள்.

ஒழுகலில் இருக்கும் அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தரையில் எங்காவது நீர் இறங்கினால் அது உங்கள் கண்ணில் படாது. உங்களுக்குத் தெரிவது காய்ந்து பளபளக்கும் தரை. எங்களுக்குத் தெரிவது கூரையில் ஒரு மஞ்சள் வட்டம், பிறகு புடைத்து உரியும் பெயிண்ட், பிறகு சொட்டு. சரி செய்யக் கூடியவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, தெரிகிறவரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. படியேறி வந்து சொன்னால், "எங்க பாத்ரூம்ல ஒரு பொட்டுத் தண்ணி நிக்கலையே சார், நீங்களே வந்து பாருங்க" என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. அங்கே நிற்காத தண்ணீர்தான் கீழே வந்திருக்கிறது. அடுத்து, "மழைத்தண்ணியா இருக்கும்" என்று ஒரு பதில் வரும். பங்குனி வெயிலில் எந்த மழை என்று கேட்க வாய் வரை வந்தாலும், தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள் என்று இறங்கி வந்துவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் கழிப்பறைக்குக் குடை கொண்டு போகிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். மேலிருந்து சொட்டுவது எந்தத் தண்ணீர் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

வேலை தொடங்கும் முன், உங்கள் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் கட்டடங்களில் பெரும்பாலும் குளியலறைப் பகுதியில் மட்டும் கான்கிரீட் தளத்தை முக்கால் அடியோ ஒரு அடியோ தாழ்த்தி வார்த்திருப்பார்கள். மேஸ்திரிகள் 'சன்கன்' என்பது இதைத்தான். கழிவுக் குழாய்களும், தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கும். குழாய் போட்டு முடித்ததும் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால், பல இடங்களில் கிடைத்த இடிபாட்டால் நிரப்பி, மேலே கலவை போட்டு, வாட்டம் கொடுத்து, டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். உங்கள் தரைக்கும் எங்கள் கூரைக்கும் நடுவில் இருப்பது அடியில் ஓட்டை இல்லாத ஒரு பூந்தொட்டி. டைல்ஸ் இடுக்கு வழியாகவோ டிராப்பின் விளிம்பு வழியாகவோ தினம் ஒரு கை தண்ணீர் உள்ளே இறங்கினாலும் அது வெளியே போக வழியில்லை. செங்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஊறி நிறைந்த பிறகுதான், தளத்தில் இருக்கும் மெல்லிய விரிசலையோ, குழாய் துளைத்துப் போகும் இடத்தையோ பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வரும். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து ஒழுகுவது அதனால்தான். நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போன பிறகும் விடாமல் சொட்டுவதும் அதனால்தான். "நாங்க ஊர்லயே இல்லையே, எப்படி ஒழுகும்?" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அந்த ஜல்லிக்குள் ஊறிக் கிடக்கிறது.

யோசித்துக் கட்டிய சில கட்டடங்களில் பள்ளத்தின் அடிமட்டத்தில் ஒரு சிறு குழாய் வைத்து வெளியே டக்ட் பக்கம் விட்டிருப்பார்கள். உள்ளே நீர் சேர்ந்தால் அது அங்கே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். உங்கள் வீட்டில் அது இருந்தால் தயவுசெய்து காப்பாற்றுங்கள். 'இது எதுக்குன்னே தெரியலை' என்று புதுப்பிக்கும்போது அதைக் கலவை போட்டு அடைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய டைல்ஸைப் பெயர்க்கும்போது டைல்ஸ் மட்டும் வருவதில்லை. அதனடியில் என்றோ பூசிய காப்புப் பூச்சும், தரையிலிருந்து சுவரில் ஏற்றிவிட்டிருந்த பகுதியும் சேர்ந்து பிய்ந்து வரும். அதுவரை ஒழுகாத குளியலறை, புதுப்பித்த பிறகு ஒழுகுவதற்கு இதுவே பெரிய காரணம். இதற்குப் பயந்து சிலர் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார்கள். சத்தமில்லை, இடிபாடு இல்லை, இரண்டே நாளில் வேலை முடியும். ஆனால் அடியில் ஏற்கெனவே ஊறியிருக்கும் ஜல்லி அப்படியே இருக்கும். தரையும் அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். படுக்கையறைத் தரையைவிடக் குளியலறை தாழ்ந்திருக்க வேண்டும் என்று விட்டிருந்த இறக்கம் அத்தோடு போயிற்று. டப் ஒருநாள் பொங்கினால் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். அது எங்கள் பிரச்சினை இல்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

இனி பாத்டப். சாதாரண அக்ரிலிக் டப் ஒன்று 150 முதல் 200 லிட்டர் வரை பிடிக்கும். ஷவரில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து, விழுந்த வேகத்தில் போய்விடுகிறது. டப்பில் மொத்தமும் ஒரே இடத்தில் நிற்கிறது, அடைப்பைத் திறந்ததும் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்குகிறது. நம் ஊரில் பல இடங்களில் டப்பின் வாயைக் கழிவுக் குழாயோடு முறையாக இணைப்பதில்லை. வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கிற மாதிரி வளைகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை மாட்டி, டப்புக்கு அடியில் இருக்கும் டிராப்பின் வாயில் சும்மா செருகிவிடுகிறார்கள். முடியும் சோப்பும் சேர்ந்து அந்த டிராப் பாதி அடைத்தால் போதும், அத்தனை தண்ணீரும் டப்புக்கு அடியிலேயே பொங்கிப் பரவும். உங்களுக்கு அது தெரியாது. டப்பைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டி, டைல்ஸ் ஒட்டி, எல்லாப் பக்கமும் மூடியாயிற்று. ஒரு சின்னக் கதவு வைக்கலாமா என்று கேட்டிருந்தாலும், "கதவு வெச்சா அசிங்கமா இருக்கும் மேடம்" என்று சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கதவு கட்டாயம் வேண்டும். கழிவு வாய் இருக்கிற பக்கத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி திறப்பு இருந்தால் போதும், கை உள்ளே போகும், டார்ச் அடித்துப் பார்க்கலாம், ஒரு நட்டை இறுக்கிவிட்டு வரலாம். அசிங்கம் என்று பட்டால் அதே டைல்ஸை ஒரு சட்டத்தில் ஒட்டிக் காந்தத்தில் நிற்கிற மாதிரி செய்கிறார்கள், இருக்கிற இடமே தெரியாது. கதவு இல்லாத டப்பில் பத்து ரூபாய் வாஷர் பழுதானால் ஒரு பக்கச் சுவரையே உடைக்க வேண்டியிருக்கும். உடைக்க மனம் வராமல் நீங்கள் தள்ளிப் போடுவீர்கள், நாங்கள் வாளி வைப்போம்.

டப்புக்கு அடியில் இருக்கும் தரைக்கு நடக்கிற கொடுமை தனி. 'டப்புக்கு அடியிலதானே, யார் பார்க்கப் போறா' என்று அங்கே பூச்சும் அடிக்காமல், வாட்டமும் கொடுக்காமல், உடைந்த டைல்ஸ் துண்டுகளையும் கலவை மிச்சத்தையும் அங்கேயே தள்ளி மூடிவிடுகிறார்கள். முதலில் டப்பை வைத்துவிட்டு, அதைச் சுற்றி மட்டும் பூச்சு அடிக்கிற வழக்கமும் இருக்கிறது. அப்படிச் செய்தால் டப்புக்குப் பின்னால் இருப்பது வெறும் செங்கல் சுவர். வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். தரை முழுவதும், சுவரில் டப்பின் விளிம்பைத் தாண்டிக் குறைந்தது அரை அடி உயரமும், டப்புக்கு மேலேயே ஷவரும் வருகிறதென்றால் ஆறடி வரையும் பூச்சு ஏற வேண்டும். அது காய்ந்து, சோதித்து முடித்த பிறகுதான் டப் உள்ளே வர வேண்டும். டப்புக்கு அடித்தரை குளியலறையின் திறந்த தரையை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். சுற்றிக் கட்டும் சுவரின் அடியில் விரல் நுழைகிற அளவு ஒரு சந்து விடச் சொல்லுங்கள். டப்புக்கு அடியில் என்ன ஒழுகினாலும் அந்தச் சந்து வழியாக வெளியே வந்து உங்கள் கால்மிதியை நனைக்கும்.

இந்த மடலில் நான் சொல்ல வந்ததே அதுதான். குழாயும் வாஷரும் என்றைக்காவது பழுதாகும். ஒழுகவே ஒழுகாத குளியலறையை யாராலும் கட்டித் தர முடியாது. ஒழுகினால் அது முதலில் உங்கள் கண்ணில் பட வேண்டும். சரி செய்ய அதிகாரமும் சாவியும் உங்களிடம்தானே இருக்கின்றன? கதவு, சந்து, டக்ட் பக்கத்துக் குழாய் என்று நான் கேட்கிற எல்லாமே அதற்காகத்தான்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள், பிளம்பர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறவை. டப்பின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் சிலிக்கான் அடிக்கும்போது டப் நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும். அக்ரிலிக் டப் பாரம் ஏறினால் கொஞ்சம் அமுங்கும். காலி டப்பில் சிலிக்கான் அடித்தால், முதல் முறை நிரப்பும்போதே அது இழுபட்டு மயிரிழை இடைவெளி விட்டுவிடும். நிரப்பி வைத்து அடித்து, சிலிக்கான் நன்றாகக் காய்ந்த பிறகே திறந்துவிடச் சொல்லுங்கள். இன்னொன்று, டப்பின் மேல்புறத்தில் இருக்கும் வழிந்தோடும் துளை. அதன் பின்னால் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. தண்ணீர் அந்தத் துளை வரை ஏறும்போது மட்டும்தான் அது ஒழுகும் என்பதால் யாரும் சோதிப்பதே இல்லை. சுவரை மூடும் முன் ஒருமுறை அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வழியும் வரை நிரப்பிப் பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி கொஞ்ச நாளில் டப் பாதி நேரம் துணி ஊறவைக்கும் தொட்டியாகவும், மீதி நேரம் மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கும் தொட்டியாகவும் மாறும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. பிடித்து வைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ராப்பகலாகத் தண்ணீர் நிற்கிற டப்பில் ஒவ்வொரு வளையமும் ராப்பகலாகச் சோதனைக்கு உள்ளாகிறது.

டப்பின் பாரத்தைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பெரிய பயம் கிளப்புகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் கொஞ்சம் மிகை. வீட்டுக் குளியலறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ பாரம் கணக்கிட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 875 விதியின் இரண்டாம் பகுதி. அக்ரிலிக் டப், தண்ணீர், ஆள் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். டப்பின் அடியை மட்டும் பார்த்தால் கணக்கு கொஞ்சம் மிஞ்சும், குளியலறை முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் அடங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் தளம் இதைத் தாங்கும். ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த தளத்திலோ, வெறுமையாகவே நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் வார்ப்பிரும்புத் தொட்டி என்றாலோ, செங்கல் மேடை கட்டி மணல் நிரப்பி அதன்மேல் டப்பைத் தூக்கி வைக்கும் யோசனை என்றாலோ, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது.

பூச்சுக்கு வருகிறேன். டாக்டர் ஃபிக்ஸிட், ஃபோஸ்ராக், சிகா என்று கடையில் எந்தப் பெயரில் வாங்கினாலும் குளியலறைக்குப் பெரும்பாலும் வருவது பொடியும் திரவமுமாக இரண்டு பொட்டலம். சொன்ன அளவில் இரண்டையும் கலந்து, பிரஷ்ஷால் ஒரு கை, அது இறுகியதும் குறுக்குவாக்கில் இன்னொரு கை. பொருள் நல்ல பொருள்தான். தவறு நடப்பது பக்கெட்டில். திரவம் தீர்ந்துபோனால் தண்ணீர் ஊற்றி ஓட்டுவார்கள். பக்கெட்டில் மீந்து கட்டிபட்டதைத் தண்ணீர் விட்டு இளக்கி மறுபடி அடிப்பார்கள். இரண்டாவது கை அடிக்க மறுநாள் வர வேண்டுமே என்று முதல் கையையே தடிமனாக அடித்துவிட்டுப் போவார்கள். தரையும் சுவரும் சேரும் மூலைகளை முதலில் கலவையால் வளைவாக்கி, ஃபைபர் வலை வைத்து அடிக்க வேண்டும். டிராப்பையும் குழாய்களையும் சுற்றிச் செதுக்கி, சுருங்காத கிரவுட் ஊற்ற வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் பிறக்கும் இடங்கள் இவைதான், பூச்சுக்காரர் வேகமாகக் கடந்து போகும் இடங்களும் இவைதான். 'சிமெண்ட்ல வாட்டர் ப்ரூஃப் பவுடர் கலந்துட்டோம் சார், தனியா பூச்சு எதுக்கு' என்று யாராவது சொன்னால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். டைல்ஸுக்கு நடுவில் அடிக்கும் ஒயிட் சிமெண்டையும் நம்ப வேண்டாம்; அது இடுக்கை நிரப்பும், நீரை நிறுத்தாது. எவ்வளவு விலைக்கு டைல்ஸ் வாங்கியிருந்தாலும் இடுக்கு இடுக்குதான்.

பூச்சுக்காரர் சரியாகத்தான் அடித்தாரா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது. பூச்சு காய்ந்து நாலைந்து நாள் ஆன பிறகு டிராப்பின் வாயை இறுக்கி அடைத்து, வாசற்படியில் ஒரு சின்ன வரப்பு கட்டி, தரை முழுவதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத்திலும் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டால், காற்றில் உலர்ந்தது எவ்வளவு, கீழே இறங்கியது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். 48 மணி நேரம் நிற்கட்டும், 72 என்றால் இன்னும் நல்லது. பள்ளத்தில் இருந்த ஜல்லியை முழுவதும் அள்ளியிருந்தால் இந்தச் சோதனை இரண்டு முறை நடக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் பூசிய பூச்சு காய்ந்ததும் ஒருமுறை, நிரப்பி மேலே கலவை போட்டுப் பூசிய பிறகு, டைல்ஸுக்கு முன், இன்னொரு முறை. சுவருக்குள் புதைக்கும் தண்ணீர்க் குழாய்களுக்குத் தனியாக அழுத்தச் சோதனை வேண்டும். கை பம்ப்பை மாட்டி, வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சுவரை மூடும் முன் குழாய் போகும் பாதையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் டவல் ராடுக்குத் துளை போடும்போது உதவும்.

தண்ணீர் நிறுத்தும் சோதனையைத் தவிர்க்கச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். டைல்ஸ் ஆள் நாளைக்கு விட்டால் அடுத்த மாதம்தான் வருவார். வீட்டில் இருக்கிற ஒரே இன்னொரு பாத்ரூமில் ஆறு பேர் வரிசையில் நிற்கிறோம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், அந்த அவதி எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு மாதம் ஓடும் வேலையில் இரண்டு நாள் கூடுவதைக் கணக்குப் பார்க்கிற காண்ட்ராக்டர், பிறகு ஒழுகும்போது போனை எடுக்க மாட்டார். சோதனைக்கு முன்பே டைல்ஸ் ஒட்டிவிட்டால் பூச்சின் மீது சந்தேகம் வந்தாலும் புது டைல்ஸை உடைக்க உங்களுக்கு மனசு வராது. இடுக்குகளில் எபாக்ஸி போடுவீர்கள், கெமிக்கல் ஊற்றுவீர்கள், 'இப்ப பாருங்க சார், நின்னுடும்' என்பீர்கள். எங்கள் பக்கத்திலிருந்து துளை போட்டு ஊசி மாதிரி ரசாயனம் ஏற்றலாம் என்று ஒருவரை அனுப்பி வைப்பீர்கள். அது அந்த ஓட்டையை அடைக்கும். மேலே ஊறியிருக்கும் தண்ணீர் நகர்ந்து போய் ட்யூப் லைட் பக்கம் இன்னொரு வழி பார்க்கும்.

அதற்குள் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி என்ன ஆகிறது என்பதையும் யோசியுங்கள். இரும்பு துருப்பிடித்தால் இருமடங்குக்கு மேல் பருக்கும். அந்த வீக்கம் அடியில் இருக்கும் காரையைத் தள்ளிப் பெயர்த்துவிடும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடல் காற்றிலேயே பாதிக் கம்பி போய்விட்ட பழைய கட்டடங்களில், குளியலறைக் கூரையிலிருந்து கைப்பிடி கனமுள்ள கான்கிரீட் சில்லு விழுவதைப் பார்க்கலாம். அந்தத் தளம் எங்களுக்குக் கூரை மட்டுமல்ல. நீங்கள் டப்பில் தண்ணீர் நிரப்பி உட்காரப் போவதும் அதன் மேல்தான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 14(3) பிரிவில், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால் பில்டர் 30 நாளில் தன் செலவில் சரி செய்ய வேண்டும் என்கிறது. நம் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த ஐந்து ஆண்டை எப்போதோ தாண்டியவை. தாண்டாதவற்றிலும், நீங்கள் பிரேக்கர் வைத்த மறுநாளே 'நாங்க கொடுத்த மாதிரி இல்லையே, நீங்கதானே உடைச்சீங்க' என்று சொல்ல பில்டர் தயாராக இருப்பார். பிறகு நீங்களும் நாங்களும், நடுவில் பாவம் சங்கச் செயலாளரும்தான்.

எங்கள் தரப்பிலும் குற்றம் இருக்கிறது. கறை தெரிந்ததும் பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங் அடித்து மறைத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து அது தொங்கும்போது உங்கள் கதவைத் தட்டுகிறவர்கள் எங்களில் உண்டு. பிளம்பரை அனுப்பினால் 'இன்னிக்கு முடியாது' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. எங்கள் சொந்தக் குழாய் ஒழுகும்போதும் மேலே கை காட்டுகிறவர்களும் உண்டு. இனிமேல் ஒழுகினால், எப்போது ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்டு வருகிறோம். யாரும் குளிக்காத நேரத்திலும் ஒரே சீராகச் சொட்டினால் அது அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். நீங்கள் குளித்த பின் கூடி, பிறகு குறைந்தால் தரையோ கழிவுக் குழாயோ ஆகலாம். டிராப்பில் கலர்த் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னால் கீழே நின்று பார்த்துச் சொல்கிறோம். சண்டைக்கு வருகிறவர்களாக இல்லாமல், தகவலோடு வருகிறவர்களாக வருகிறோம்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். காண்ட்ராக்டரோடு பேசி முடிக்கும்போதே, தண்ணீர் நிறுத்தும் சோதனையை எழுத்தில் சேருங்கள். எத்தனை மணி நேரம், எந்தக் கட்டத்தில் என்று எழுதுங்கள். சோதனை முடிந்து கூரை காய்ந்திருப்பதைக் கீழ்வீட்டில் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்று பணத்தோடு அதைக் கட்டுங்கள்; வேறெப்படியும் நடக்காது. டப்புக்கு ஒரு கதவும், அடியில் ஒரு சந்தும் வரைபடத்திலேயே இருக்கட்டும். சங்க நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேலைக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் இடிபாட்டுக்கும் லிஃப்டுக்கும் வைப்புத்தொகை வாங்குகிறீர்கள், நல்லது. அதே படிவத்தில் சோதனை தேதிக்கு ஒரு வரியும், கீழ்வீட்டுக்காரர் கையெழுத்துக்கு ஓர் இடமும் விடுங்கள்.

தண்ணீர் நிறுத்துகிற அன்று எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். நிறுத்துவதற்கு முன் ஒருமுறை கீழே வந்து எங்கள் கூரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறை எது, புதியது எது என்று பின்னால் வாக்குவாதம் வேண்டாம். இரண்டு நாள் கழித்து மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு மறுபடி வாருங்கள். ஏணியும் டார்ச்சும் எங்களிடம் இருக்கின்றன. மூலைகளையும், குழாய் இறங்கும் இடத்தையும் அவரே ஏறித் தொட்டுப் பார்க்கட்டும். காய்ந்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், டைல்ஸ் ஆளை வரச் சொல்லிவிடலாம். ஈரமாக இருந்தால் மேஸ்திரி மேலே போய்ப் பூச்சை மறுபடி அடிக்கட்டும். அந்தக் கூடுதல் நாட்களில் உங்கள் வீட்டில் யாருக்காவது குளிக்க வேண்டுமென்றால், எங்கள் குளியலறை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கீழ்வீட்டுக்காரர்களில் ஒருவன்